பெரியவர் கடைசியாகப் பேசட்டும்

ஒரு அமைப்பு தன் எதிர்காலத்தைப் பற்றிச் சேர்ந்து யோசிக்க உட்காரும்போது, முதலில் வாய் திறப்பது யார் என்றுதான் நான் பார்ப்பேன். தலைவரோ, பணம் கொடுத்தவரோ, ஊரில் வயதில் மூத்தவரோ எழுந்து "இன்னும் பத்து வருஷத்துல நாம இப்படி இருக்கணும்" என்று ஆரம்பித்துவிட்டால் கூட்டம் அத்தோடு முடிந்த மாதிரிதான். பிறகு பேசுகிற அத்தனை பேரும் "ஐயா சொன்னது போல" என்றே தொடங்குவார்கள். அதில் பொய் இல்லை, பயமும் இல்லை, மரியாதைதான். ஆனால் அந்த மரியாதைக்குள் எத்தனையோ பேருடைய யோசனை அப்படியே தங்கிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து, கூட்டத்தில் தலையாட்டிய யாரும் வேலைக்கு வராதபோதுதான் அது நமக்குத் தெரியவருகிறது.

காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் சங்கங்கள், அறக்கட்டளைகள், மகளிர் குழுக்கள், பள்ளி மேலாண்மைக் குழுக்கள் என்று பலருக்கும் இப்படியான திட்டமிடும் கூட்டங்களை நடத்திக் கொடுப்பது என் வேலை. இதற்கென்று உலகம் முழுக்கப் பல முறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு கைப்புத்தகம், பயிற்சி வகுப்பு. நான் கையாண்டு பார்த்தவரையில் நல்ல முறைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒன்றுதான். வழக்கமாக முதலில் பேசுகிறவரைக் கடைசிக்கு நகர்த்துவது, வழக்கமாகப் பேசாதவர் கையில் முதலில் பேனாவைக் கொடுப்பது. மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடுகள்.

இதை நான் மனம்போன போக்கில் சொல்லவில்லை. கூட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனையை வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை 'பிரெயின்ஸ்டார்மிங்' என்று பிரபலப்படுத்தியவர் அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர். அவர் சொன்னது உண்மையா என்று யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் என்ற மூன்று பேர் சோதித்து 1958-இல் வெளியிட்டார்கள். நாலு பேர் சேர்ந்து பேசிய குழுக்களை ஒரு பக்கம் வைத்தார்கள், தனித்தனியே உட்கார்ந்து யோசித்த நாலு பேரின் பட்டியல்களைப் பிறகு சேர்த்து இன்னொரு பக்கம் வைத்தார்கள். தனியாக யோசித்தவர்களிடமிருந்துதான் ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனைகள் வந்தன. ஏன் என்ற கேள்விக்கு 1987-இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்ட முக்கியமான காரணம் ரொம்பச் சாதாரணமானது: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது, காத்திருக்கும்போதே நாம் சொல்ல நினைத்தது நழுவிப்போகிறது. கூச்சமும் சோம்பலும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. நம் ஊர்க் கூட்டங்களில் மைக்கைப் பிடித்தவர் அரை மணி நேரம் விடுவதில்லை என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மாற்றாக 1971-இல் டெல்பெக், வான் டி வென் என்ற இருவர் வெளியிட்ட முறைதான் இன்றுவரை எனக்கு அதிகம் கை கொடுப்பது. கேள்வியை ஒரே வரியில் பெரிதாக எழுதி மாட்டுவேன். எல்லாரும் பத்து நிமிடம் பேசாமல் தன் தாளில் எழுத வேண்டும். அப்புறம் வரிசையாக ஆளுக்கு ஒன்று மட்டும் வாசிக்க வேண்டும், ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று, எல்லார் தாளும் காலியாகும் வரைக்கும். அந்த நேரத்தில் விமர்சனம் கூடாது, விளக்கமும் கூடாது. பட்டியல் முழுதாக மாட்டிய பிறகுதான் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்ற கேள்வி வரலாம். கடைசியில் ஓட்டு. வெளிநாட்டில் இதற்கு ஒட்டும் வட்ட ஸ்டிக்கர் தருவார்கள், நான் ஃபேன்சி ஸ்டோரில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கி ஆளுக்கு ஐந்து பொட்டு கிழித்துக் கொடுக்கிறேன். யார் எங்கே ஒட்டினார்கள் என்று மற்றவர்கள் நோட்டம் விடாமல் இருக்க, ஐந்து ஐந்து பேராகக் கலந்து அனுப்பிவிடுவேன்.

எழுதத் தெரியாதவர் இருந்தால்? எல்லாக் கூட்டத்திலும் இந்தக் கேள்வி வரும், வரத்தான் வேண்டும். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, காதில் சொல்வதை அப்படியே எழுதச் சொல்வேன். அழகுபடுத்தக் கூடாது, சுருக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிட நேர்மையாக இருக்கிறார்கள்.

சரி, இது ஒரு மணி நேரத்து உத்தி. ஒரு அமைப்பு முழுவதும் "நாம் எங்கே போகிறோம்" என்று தீர்மானிக்க இது மட்டும் போதாது. அதற்கு எனக்குப் பிடித்த முறையின் வேர் 1960-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு கூட்டத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு இரண்டு விமான எஞ்சின் கம்பெனிகள் இணைந்து பிரிஸ்டல் சிட்லி என்று ஒன்றாகியிருந்தன. ஆளாளுக்குப் பழைய கம்பெனி விசுவாசம் இருந்தது, இரண்டு தரப்பு மேலாளர்களையும் ஒரு மனதாக்க வேண்டும். லண்டன் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தின் ஃப்ரெட் எமரியும் எரிக் ட்ரிஸ்ட்டும் என்ன செய்தார்கள் என்றால், கம்பெனி விஷயத்தை முதலில் தொடவே இல்லை. உலகத்தில் என்ன மாறிக்கொண்டிருக்கிறது, விமானத் தொழில் எந்தப் பக்கம் போகிறது என்று வெளியிலிருந்து ஆரம்பித்து மெதுவாக உள்ளே கொண்டுவந்தார்கள். எல்லாரும் ஒரே உலகத்தைத்தான் பார்க்கிறோம் என்று உறுதியான பிறகு சொந்தப் பிரச்சினையைப் பேசுவது எளிதாகிவிடுகிறது. பங்காளிச் சண்டை உள்ள வீடுகளில் நேரே சொத்து விஷயத்தை எடுக்காமல் பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கிற பெரியவர்களுக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகவே தெரியும்.

இந்த வழியில் வந்தவர்கள்தான் அமெரிக்கர்களான மார்வின் வைஸ்போர்டும் சாண்ட்ரா ஜேனாஃபும். அவர்களுடைய 'ஃபியூச்சர் சர்ச்' முறையில் அறுபது எழுபது பேர், எட்டு எட்டு பேராக, மூன்று நாட்களில் பரவிய பதினாறு மணி நேரம் உட்கார வேண்டும். நடுவில் இரண்டு இரவு தூங்கி எழ வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. நிறைய பேர் இதைக் கேட்டதும் "ஒரு சாயங்காலத்துல முடிச்சுரலாமே" என்பார்கள். முடிக்க முடியாது. முதல் நாள் கோபமாகப் பேசியவர் மறுநாள் காலையில் காபி குடித்துவிட்டு வந்து "ராத்திரி யோசிச்சேன்" என்று ஆரம்பிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அந்த ராத்திரியைச் சுருக்குவதற்கு வழி கிடையாது.

ஐக்கியா என்ற சாமான் கம்பெனி 2003-இல் இதே முறையில் தன் எக்டார்ப் சோபா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை வடிவமைப்பவர், செய்து தருபவர், விற்பவர், வாங்குபவர் எல்லாரையும் ஹாம்பர்க்கில் ஒரே இடத்தில் உட்கார வைத்தது. ஒரு சோபா எப்படி உருவாகி வீடு வந்து சேர்கிறது என்ற முழு வழியையும் அங்கே இருந்தவர்கள் சேர்ந்தே மாற்றி வரைந்தார்கள்.

கம்பெனி கதை போதும், நம் பக்கம் வருகிறேன். சமீபத்தில் ஒரு ஊரணி அறக்கட்டளைக்காக இந்த முறையை நடத்தினோம். செட்டிநாட்டு ஊர்களை அறிந்தவர்களுக்கு ஊரணியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. வற்றாத ஆறு இல்லாத பூமி, மழைத் தண்ணீரை வரத்துக்கால்வாய் வழியாகக் கொண்டுவந்து தேக்கிக் குடித்த ஊர்கள் இவை. குடிக்க ஒரு ஊரணி, குளிக்க ஒரு ஊரணி, ஆடு மாட்டுக்கு ஒன்று என்று பிரித்து வைத்து, படித்துறை கட்டி, காவல் போட்டுக் காத்தார்கள். இப்போது பல இடங்களில் சீமைக்கருவேலம் மண்டி, வரத்து அடைபட்டுக் கிடக்கிறது. இந்த அறக்கட்டளையில் பணம் இருந்தது, நல்ல மனசும் இருந்தது. ஜேசிபி வைத்துத் தூர்வாரி, சுற்றிலும் வேலி போட்டு, நடைபாதை அமைப்பது என்று சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிற உறுப்பினர்கள் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள்.

யாரை அழைப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. வைஸ்போர்டும் ஜேனாஃபும் இதற்கு ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறார்கள்: முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம், பணமும் ஆளும் நேரமும் யாரிடம், தொழில் அறிவு யாரிடம், மற்றவர்களிடம் இல்லாத தகவல் யாரிடம், இதனால் பாதிக்கப்படப் போகிறவர் யார். கடைசி இரண்டு கேள்விகளுக்கு யாரும் பட்டியல் வைத்திருக்க மாட்டார்கள்.

நகரத்தார் கோயில் காரியங்களில் புள்ளிக் கணக்கு என்று ஒன்று உண்டு. கல்யாணமான தம்பதியை ஒரு புள்ளியாக வைத்து, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கோயில்களைப் பராமரித்து வருகிறார்கள். பர்மாவில் இருந்தாலும் மலாயாவில் இருந்தாலும் புள்ளி ஊரில் இருந்தது. இது எனக்கு மிகவும் மதிப்புள்ள ஏற்பாடாகத் தோன்றுகிறது, கடல் தாண்டிப் போன ஒரு சமூகம் ஒன்றாக நின்றதற்கு இப்படியான கணக்குகள்தான் துணை. ஆனால் ஊரணிக்கு அந்தக் கணக்கு பத்தாது. ஆடு ஓட்டி வருகிறவருக்குப் புள்ளி கிடையாது, வரத்துக்கால்வாய் ஓரமாகக் குடிசை போட்டவருக்குக் கிடையாது, துணி துவைக்கிற பெண்களுக்குக் கிடையாது. ஐந்து கேள்விகளையும் கேட்டபோது இவர்கள் எல்லாரும் பட்டியலுக்குள் வந்தார்கள், ஊராட்சி மன்றத் தலைவர், ஜேசிபி ஓட்டுநர், பள்ளிப் பிள்ளைகள் உட்பட. ஜேசிபி ஓட்டுநரை அழைத்தபோது அறக்கட்டளையில் சிலர் முகம் சுளித்தார்கள். அந்த மண்ணை வெட்டிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான், எத்தனை அடியில் செம்புராங்கல் தட்டுகிறது என்று அவரால் சொல்ல முடிந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அறக்கட்டளையின் மூத்தவர் வீட்டுக்குப் போய் முகப்பில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். "என்ன தம்பி, நான் கடைசியிலதான் பேசணுமா?" என்று கேட்டார். நீங்கள் முதலில் பேசினால் மற்றவர்கள் உங்கள் பேச்சைத்தான் திருப்பிச் சொல்வார்கள், அவர்கள் மனதில் இருப்பது உங்களுக்கே தெரியாமல் போகும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, விளக்கு மட்டும் ஏற்றி வைக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். இதைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் போய்ச் சொல்லக் கூடாது, முன்கூட்டி வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். இது எந்தக் கைப்புத்தகத்திலும் இருக்காது, நம் பக்கத்தில் இதைச் செய்யாமல் எந்த முறையும் ஓடாது.

இடம், ஒரு பழைய வீட்டு வளவு, அதாவது வீட்டு நடுவில் உள்ள திறந்த முற்றம். பகல் வெளிச்சம் உள்ள இடமாக இருக்க வேண்டும் என்பது அந்த அமெரிக்கர்கள் விதித்த இன்னொரு நிபந்தனை. ஓட்டல் மினி ஹாலில் ஜன்னலே இருக்காது, வளவில் வானமே தெரிகிறது, சுற்றிலும் பட்டாலைத் திண்ணையில் எட்டு எட்டு பேராக உட்காரலாம். சுவரில் மட்டும் டேப் ஒட்ட முடியாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர், பளிங்கு மாதிரி இருக்கிறது, டேப்பைப் பிய்த்தால் பூச்சு வந்துவிடும். தூணுக்குத் தூண் நைலான் கயிறு கட்டித் துணி கிளிப்பில் சார்ட் பேப்பர்களைத் தொங்கவிட்டோம்.

முதல் வேலை காலவரிசை. மூன்று நீளமான தாள்கள்: உலகத்தில் நடந்தது, ஊரணியில் நடந்தது, என் வாழ்க்கையில் நடந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் மார்க்கரை எடுத்துக்கொண்டு போய் எழுதுகிறார்கள், வரிசை கிடையாது, மைக் கிடையாது. உலகத் தாளில் ஒருவர் 1942 ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தது என்று எழுதுகிறார், அவர் அப்பா நடந்தே ஊர் வந்து சேர்ந்த கதை சொந்தத் தாளில் இருக்கிறது. இன்னொருவர் 1985 சிவகங்கை தனி மாவட்டமானது என்று எழுதுகிறார். இதில் நான் மறக்க முடியாதது, குழாய்த் தண்ணீர் ஊருக்கு வந்ததை உலகத் தாளில் ஒருவரும், ஊரணிக் காவல் நின்றுபோனதை ஊரணித் தாளில் வேறொருவரும் எழுதியிருந்தார்கள். இரண்டும் மேலும் கீழுமாக ஒரே இடத்தில் வந்து நின்றன. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை, எல்லாரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதுவரை 'ஊராட்சி சரியில்லை', 'வெளியூரில் இருக்கிறவர்கள் கவனிக்கவில்லை' என்று இரண்டு கட்சியாக இருந்தவர்கள் அவர்கள்.

அப்புறம் வரைபடம். இதை நான் ஃபியூச்சர் சர்ச்சிலிருந்து எடுக்கவில்லை, கிராமப்புறத் தொண்டு நிறுவனங்களில் பி.ஆர்.ஏ., அதாவது ஊர்மக்களே தங்கள் ஊரை ஆராயும் முறை என்று சொல்வார்களே, அதிலிருந்து எடுத்தேன். பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இந்த முறை எண்பதுகளின் கடைசியில் கர்நாடகத்திலும் குஜராத்திலும் தொண்டு நிறுவனங்களின் கையில் வேகமாக வளர்ந்தது. கோலப்பொடியால் தரையில் ஊரையே வரைவது. சேம்பர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்வது, கோலை ஊர்க்காரர்கள் கையில் கொடுத்துவிடுங்கள் என்பதைத்தான். பெண்கள் கையில் கோலப்பொடி போனதும் வேகமே வேறாகிவிட்டது. வரத்துக்கால்வாய் எங்கெங்கே வளைகிறது, எந்த வீட்டுக் கழிவுநீர் அதில் சேர்கிறது, மழை பெய்தால் தண்ணீர் இப்போது எந்தத் தெருவில் தேங்குகிறது, எல்லாம் வளவுத் தரையில் வந்துவிட்டன. சர்வே படத்தில் கால்வாய் நேர்கோடாக இருந்தது.

அங்கேதான் ஆடு வளர்க்கிற ஒரு அப்பத்தா பேசினார். "ஏப்பா, ஆழப்படுத்துறேன்னு செங்குத்தா வெட்டிப்புட்டீகன்னா ஆடு எப்படி எறங்கும்? போன தடவ பக்கத்து ஊருல அப்படி வெட்டி ரெண்டு குட்டி விழுந்து செத்துச்சு." ஜேசிபி ஓட்டுநர் உடனே, ஒரு பக்கம் சரிவாக விட்டு வெட்டலாம், மண் அள்ளும் வண்டிக்கும் அதுவே பாதையாகும் என்றார். சுற்றிலும் வேலி என்ற திட்டம் அந்த நிமிடமே மாறியது. சென்னையிலிருந்து வந்த அறங்காவலர் தன் நோட்டில் அதை எழுதிக்கொண்டு, "அண்ணே, இந்தச் சரிவு எந்தப் பக்கம் வரணும்?" என்று ஓட்டுநரிடமே கேட்டார். எனக்கு அன்றைக்குப் பெரிய சந்தோஷம் அதுதான்.

இரண்டாம் நாள் எதிர்காலத்தை நடித்துக் காட்டுவது. இருபது வருடம் கழிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, அன்றைக்கு ஊரணி எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு குழுவும் காட்ட வேண்டும். கூச்சப்படுவார்கள் என்று நினைத்தால், வில்லுப்பாட்டு மாதிரி, ரேடியோ செய்தி மாதிரி என்று அமர்க்களப்படுத்திவிட்டார்கள். நடிப்பைவிட முக்கியம், எல்லாக் குழுவிலும் திரும்பத் திரும்ப வருவது எது என்று குறித்துக்கொள்வது. அவற்றைச் சீட்டுகளில் எழுதித் தரையில் பரப்பி, ஒத்துப்போகிற சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தினோம். ஜப்பானிய மானுடவியலாளர் கவாகிடா ஜிரோ வகுத்த வழி இது. தலைப்பை முதலில் போட்டுவிட்டுச் சீட்டை அதன் கீழ் அடைக்கக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமானவர், சீட்டுகள் சேர்ந்த பிறகுதான் தலைப்பு. 'நீர் மேலாண்மை', 'சமூகப் பங்கேற்பு' என்று முதலிலேயே தலைப்புப் போட்டிருந்தால், 'சாயங்காலம் படித்துறையில் உட்கார்ந்து பேச வேண்டும்' என்று ஏழெட்டு சீட்டுகளில் வந்தது எதற்குள்ளும் அடங்காமல் போயிருக்கும்.

மற்ற முறைகளையும் பயன்படுத்தியிருக்கிறேன். ஹாரிசன் ஓவன் 1985-இல் தொடங்கிய 'ஓப்பன் ஸ்பேஸ்' முறையில் நிகழ்ச்சி நிரலே கிடையாது, வந்தவர்களே தலைப்பு வைத்து, பிடிக்காத இடத்திலிருந்து எழுந்து போய்விடலாம். படித்த, சம அந்தஸ்துள்ள கூட்டத்துக்கு அருமை. நம் ஊரில் மாமனார் இருக்கும் வட்டத்திலிருந்து மருமகள் எழுந்து போக மாட்டாள். 1995-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டில் ஆரம்பித்த 'வேர்ல்டு கஃபே' முறை, மேசைக்கு மேசை மாறி உட்கார்ந்து பேசுவது, இதைவிட நன்றாக ஓடுகிறது, டீ வடையோடு சேர்ந்தால் இன்னும் நன்றாக. குறைகளை ஒதுக்கி நல்லதையே கேட்டு ஆரம்பிக்கும் டேவிட் கூப்பரைடரின் முறையும் சோர்ந்துபோன குழுக்களுக்கு உதவும். ஆனால் ஏமாந்துபோன அனுபவம் உள்ளவர்களிடம் அதை முதலில் எடுக்க எனக்கு மனம் வராது. அவர்கள் குறையை ஒரு தடவையாவது முழுதாகக் கேட்டுவிட வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில்தான் மூத்தவர் பேசினார். தான் முதல் நாள் பேச எழுதி வைத்திருந்த தாளைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, இதில் பாதி கயிற்றில் தொங்குகிறது, மீதிப் பாதி எனக்கே இப்போது வேண்டாம் என்றார். அறக்கட்டளையில் ஊர்க்காரர்கள் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும், அதில் மூன்று பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அவரே முன்மொழிந்தார். முதல் நாள் அவர் பேசியிருந்தால் இந்த முன்மொழிவு அவருக்கே தோன்றியிருக்காது.

எல்லாரும் ஒத்துக்கொண்டது மட்டும் ஒரு தாளில், ஒத்துக்கொள்ளாதது இன்னொரு தாளில். இரண்டாவது தாளில் உள்ளதை ஓட்டெடுத்துத் தீர்க்கக் கூடாது, பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவரவும் முயலக் கூடாது, அப்படியே எழுதி மாட்டிவிட்டு, ஒத்துக்கொண்டதில் வேலையை ஆரம்பிக்க வேண்டும். இந்த விதியைக் கடைப்பிடிப்பதுதான் நடத்துகிறவருக்கு இருப்பதிலேயே கடினம், ஏனென்றால் எல்லாவற்றையும் முடித்துவைக்க நமக்குக் கை துறுதுறுக்கும். இந்த ஊரில் வரத்துக்கால்வாய் சீரமைப்பு, சரிவு, படித்துறை, பிள்ளைகள் பொறுப்பில் மழை அளவுக் கருவி ஆகியவை முதல் தாளில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பேற்றவர் பெயர், தேதி, கையெழுத்து. மீன்பாசி ஏலம் விடுவதா, வேண்டாமா என்பது இரண்டாவது தாளில். ஏலம் விட்டால் பராமரிப்புக்கு வருமானம் வரும், ஆனால் ஏலம் எடுத்தவர் மற்றவர்களைத் தண்ணீர்ப் பக்கம் விடமாட்டார் என்று பெண்கள் சொல்கிறார்கள். கால்வாய் ஓரத்துக் குடிசைகளும் அதே தாளில்தான்.

ஆறு மாதம் கழித்து மறுபடி கூடி இரண்டு தாள்களையும் பார்க்க வேண்டும் என்று பேச்சு. செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் அப்படியே ஒரு நாள் கூடுதலாகத் தங்கட்டும் என்று தையில் தேதி வைத்திருக்கிறார்கள். தாள்களை அதுவரை அந்த அப்பத்தா வீட்டில் வைப்பதென்று அவர்களே முடிவு செய்தார்கள். வளவைக் கொடுத்த வீட்டுக்காரர் அடுத்த முறையும் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், கயிறும் கிளிப்பும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.